முதல் வகுப்பின் முதல் நாள்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் என்ன செய்யலாம் என்று, புதிதாகப் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களும், முதன்முறையாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. நெல்லைச் சீமையின் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டன. தனியார் நர்சரிப் பள்ளிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் நாளன்றே பாடத்தைத் தொடங்கிவிடலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஐந்து வயது நிறைந்து முதல் வகுப்பில் வந்து அமரும் குழந்தை, தன் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இங்கே இருக்கிறார் என்பதையும், ஒன்றுக்குப் போவதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் எங்கே போக வேண்டும் என்பதையும், சாயங்காலம் மணி அடித்ததும் தன்னைக் கூட்டிப்போக இன்னார் வருவார் என்பதையும் அன்று அறிந்துகொண்டால் போதும். அன்றைய விளையாட்டு, பாட்டு, கதை, படம் எல்லாம் இவற்றைக் குழந்தையின் மனத்தில் பதிய வைப்பதற்கான வழிகளே. இவற்றில் ஒன்றுக்கும் உதவாத செயல்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்கு நடைமுறைக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று வகுத்துக் கற்பிக்கிறது. ஆகவே எந்தப் பிள்ளை எந்த நிலை என்று உடனே கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் புதிய ஆசிரியர்களுக்கு வருவது இயல்பு. அந்த மதிப்பீட்டை முதல் நாளில் வைத்துக்கொள்ளக் கூடாது. அழுது ஓய்ந்த குழந்தை தெரிந்த எழுத்தையும் தெரியாது என்றே சொல்லும். அன்று எடுக்கும் கணக்கு தப்பாகத்தான் வரும்.

பள்ளி திறப்பதற்கு முன் ஆசிரியர் எவற்றைச் செய்து வைத்திருக்க வேண்டும்?

ஏப்ரலும் மேயும் பூட்டிக் கிடந்த அறையில் ஒட்டடையும் குளவிக்கூடும் இருக்கும். வயல்களையும் பனங்காட்டையும் ஒட்டிய பள்ளிகளில் மூலையில் குவிந்த பழைய பலகைகளுக்கு அடியில் தேளும் இருக்கக்கூடும். அறையைக் கூட்டிப் பெருக்குவதோடு, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, குழாய்களைத் திறந்து பார்த்து, கழிவறைக் கதவின் கொண்டி சிறு குழந்தையும் திறக்கக்கூடியதாக இருக்கிறதா என்று சோதித்துவிட வேண்டும். கொண்டி சிக்கி உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தை அடுத்த பல வாரங்களுக்குக் கழிவறைப் பக்கமே போகாது. வீட்டுக்குப் போகும் வரை அடக்கிக்கொண்டிருக்கும்.

அடுத்த வேலை, அங்கன்வாடிப் பணியாளரைப் போய்ப் பார்ப்பது. ஊரார் இன்னும் பால்வாடி என்றே சொல்லும் அந்த மையத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பிள்ளைகளே பெரும்பாலும் முதல் வகுப்புக்கு வருகிறார்கள். எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டு, எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, எவனுடைய தாய் வெளியூரில் வேலை பார்க்கிறாள், எவளை ஆச்சி வளர்க்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அரை மணி நேரம் அவரோடு பேசினால் கிடைக்கும் செய்தி எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

இன்னொன்று, பலர் கவனிக்கத் தவறுவது. அரசு வழங்கும் புத்தகப்பை, காலணி, சீருடை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளில் தன்னுடையது எது என்று தெரியாமல் அழும் பிள்ளைகளை முதல் வாரம் முழுவதும் பார்க்கலாம். வழங்குவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு சிறு படமும் வரைந்துவிட்டால், எழுத்து தெரியாத குழந்தைகூட மீன் படம் போட்டது என்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். அடையாளத்துக்காக வண்ணக் கயிறு கட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். நம் மாவட்டத்தில் வண்ணக் கயிறு சாதியைக் குறிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

வாசலிலேயே அழுது புரளும் குழந்தையை என்ன செய்வது?

முதலில், அழுகையைக் குற்றமாகக் கருதாமல் இருக்க வேண்டும். வீட்டையும் தெருவையும் தவிர வேறு உலகம் அறியாத குழந்தை, முன்பின் தெரியாத கட்டடத்தில் தாயை விட்டுப் பிரியும்போது அழாமல் இருந்தால்தான் அதிசயம். "இங்க பாரு, எத்தன புள்ளைக அழாம இருக்கு" என்று ஒப்பிட்டுப் பேசுவதும், "அழுதா போலீஸ் வந்துரும், ஊசி போட்டுருவாங்க" என்று மிரட்டுவதும் அந்த நேரத்துக்கு வாயை அடைக்கலாம். ஆனால் பள்ளியையும் பயத்தையும் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு மிரட்டலும் துன்புறுத்தல்தான்.

பெற்றோர் செய்யும் பெரிய தவறு, குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிவிடுவது. "அம்மா கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்திருவா" என்று அருகில் இருப்பவர்கள் பொய் சொல்லும்போது, குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பொய் வெளுத்ததும் ஆசிரியர் சொல்லும் எதையும் நம்பாது. தாய் முகத்துக்கு முகம் பார்த்து, "சோறு தின்னுட்டு, டீச்சர் கதை சொல்லுவாக, கேட்டுட்டு இரு, மணி அடிக்கவும் வந்திருவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போவதே நல்லது. ஜன்னலோரம் ஒளிந்து நின்று எட்டிப் பார்க்கும் தாயைக் குழந்தை எப்படியும் கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு அழுகை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

நாலு மணி என்றால் என்னவென்று குழந்தைக்குத் தெரியாது. "முதலில் விளையாட்டு, பிறகு சோறு, பிறகு தூக்கம், பிறகு கதை, பிறகு ஆச்சி வருவார்" என்று நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொன்னால் அது பிடிபடும். இவற்றுக்கு ஐந்து படங்கள் வரைந்து சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றும் முடிந்ததும் அழுகிற பிள்ளையின் கையாலேயே அதைக் கழற்றச் சொல்லலாம். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயன்படும் முதல் நாள் செயல்பாடு வேறில்லை.

அழும் குழந்தைக்கு ஆறுதலைக் காட்டிலும் ஒரு வேலை கொடுப்பது உதவும். சுண்ணாம்புக்கட்டிப் பெட்டியைத் தூக்கி வரவும், வாசலில் நிற்கும் செடிக்குச் செம்பில் தண்ணீர் ஊற்றவும், வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவும் துணைக்கு அழைத்தால், கையில் காரியம் இருக்கும் குழந்தை அழுகையை மறந்துவிடும். தாயின் பழைய சேலையில் கிழித்த கைக்குட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்து அனுப்பும் வீடுகளும் உண்டு. அதை ஆசிரியர் பிடுங்கி வைக்கக் கூடாது.

பெயர் கேட்கும் செயல்பாட்டை எப்படி நடத்துவது? பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லையே?

எழுந்து நின்று பெயர் சொல் என்றால் எந்தக் குழந்தையும் வாயை மூடிக்கொள்ளும். வட்டமாக உட்கார வைத்து, ஆசிரியர் தானும் தரையில் உட்கார்ந்து, ஒரு துணிப்பந்தை உருட்டிவிட்டுத் தன் பெயரை முதலில் சொல்ல வேண்டும். பந்து யாரிடம் போகிறதோ அவர் பெயரைச் சொல்லிவிட்டுத் திருப்பி உருட்டலாம். சொல்ல விருப்பமில்லாவிட்டால் உருட்டினால் மட்டும் போதும், அவர் பெயரை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். மூன்றாம் சுற்றில் வாய் திறக்காத பிள்ளைகள் மிகச் சிலரே இருப்பார்கள். அவர்களையும் வற்புறுத்தத் தேவையில்லை.

நம் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. இசக்கி, சுடலை, பேச்சி, முப்பிடாதி என்று குலதெய்வத்தின் பெயரையே பிள்ளைகளுக்கு வைப்பதால், ஒரே வகுப்பில் இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிராஜா மூவரும் இருப்பார்கள். இசக்கி என்று கூப்பிட்டால் மூன்று தலை திரும்பும். அல்லது ஒன்றுமே திரும்பாது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் வீட்டில் வேறு பெயரில் வளர்ந்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழிலும், கல்வித்துறையின் மாணவர் விவரப் பதிவான எமிஸிலும் உள்ள பெயர் சிலருக்கு முதன்முதலாகக் காதில் விழுவதே பள்ளியில்தான். ஆகவே, "வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று தனியாகக் கேட்டு, இரண்டு பெயரையும் குறித்துவைத்துக்கொண்டு, முதல் வாரத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழக்க வேண்டும். வீட்டில் "கட்டையன்", "கருப்பி" என்று செல்லமாகக் கூப்பிடுவதை வகுப்பில் எல்லோர் முன்பும் சொல்ல வைத்தால் அது அன்றே பட்டப்பெயராகிவிடும். அதனால்தான் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

பெயர் அட்டையைச் சட்டையில் ஊசியால் குத்துவதைவிட, நூலில் கோத்துக் கழுத்தில் போடுவது நல்லது. அட்டையில் தமிழில் பெரிய எழுத்தில் பெயரும், செருப்பிலும் பையிலும் வரைந்த அதே படமும் இருக்கட்டும். பின்பக்கத்தில் பெற்றோரின் கைப்பேசி எண்ணும், மாலையில் அழைத்துப்போக வருபவர் யார் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாற்று நடவு தொடங்கியிருக்கும் ஜூன் மாதத்தில் தாமிரபரணிக் கரை ஊர்களில் தாய்மார் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விடுவதால், கூட்டி வருபவர் ஆச்சியாகவும் கூட்டிப்போக வருபவர் சித்தப்பாவாகவும் இருப்பது வழக்கம்.

எந்த விளையாட்டுகள் ஏற்றவை? உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டு எதையாவது செய்யலாமா?

வெற்றி தோல்வி உள்ள விளையாட்டு முதல் நாளில் வேண்டாம். தோற்ற பிள்ளை அழும், வென்ற பிள்ளை தள்ளிவிடும். குலை குலையா முந்திரிக்காய் போல வட்டமாக உட்கார்ந்து ஆடுவதையும், கல்லா மண்ணா போல எளிய விதி உள்ளதையும் எடுத்துக்கொள்ளலாம். கல்லா மண்ணாவில் தொடப்பட்டவரை வெளியேற்றாமல், அவரே அடுத்துக் கேட்பவராக மாறினால் போதும். பூப்பறிக்க வருகிறோம் ஆட்டத்தில் கையைப் பிடித்து இழுப்பது உண்டு என்பதால் அதை மூன்றாம் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

உள்ளூர்ப் பொருள் என்றால் நம்மிடம் பனை இருக்கிறது. ஜூன் மாதத்தில் காற்றும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய் வழியாகப் புகுந்து பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காலம் அது. தென்காசிப் பக்கம் சாரலும் தொடங்கியிருக்கும். பச்சைப் பனையோலையில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு கீற்றுகளைக் கிழித்து, ஒன்றை ஒன்று குறுக்கே வைத்து முனைகளை மடித்துச் செருகி, நடுவில் முள் குத்தி, ஒரு குச்சியில் பொருத்தினால் ஓலைக் காற்றாடி தயார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து ஒவ்வொரு புதுப்பிள்ளைக்கும் ஒன்று செய்து கொடுக்கச் சொன்னால், பெரிய பிள்ளைகளைக் கண்டு ஒதுங்கி நிற்கும் சிறியவர்களுக்கு அன்றே ஓர் அண்ணனோ அக்காவோ கிடைத்துவிடுவார். ஓலையின் ஓரம் கையைக் கிழிக்கும் என்பதால் கருக்கை நீக்கியே கொடுக்க வேண்டும். முள்ளை ஆசிரியரே குத்தி, முனையை ஒடித்துவிட வேண்டும். பிறகு மைதானத்தில் ஓடவிட வேண்டியதுதான். காற்றாடி எந்தப் பக்கம் பிடித்தால் சுற்றுகிறது, எந்தப் பக்கம் பிடித்தால் நின்றுவிடுகிறது என்று அவர்களே கண்டுபிடித்து வந்து சொல்வார்கள். கீழ்க்காற்று மேல்காற்று என்பதை விளக்க அதைவிட நல்ல தருணம் கிடைக்காது, ஆனால் அன்று விளக்க வேண்டாம்.

அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான் ஒரு செட் வகுப்பில் இருந்தால், பேசாத பிள்ளைகளை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு ஆசிரியர் சற்றுத் தள்ளி உட்காரலாம். சோறு பொங்குகிற பாவனையில் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிவிடுவார்கள். புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி முத்து ஆகியவற்றை எண்ணுவதற்கும் அடுக்குவதற்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். முதல் நாளில் ஆசிரியர் பார்வை எல்லோர் மேலும் இருக்காது என்பதால், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளக்கூடிய சிறிய முத்துகளுக்குப் பதிலாக, உருண்டையான ஆற்றுக் கூழாங்கற்களையோ தேங்காய்ச் சிரட்டைகளையோ வைப்பதே பாதுகாப்பு.

பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது பிள்ளைகள் சிதறி ஓடாமல் இருக்க என்ன வழி?

ஒரு நீளக் கயிறு போதும். கையளவு இடைவெளியில் முடிச்சுகள் போட்டு, ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாகச் செல்லலாம். ஆனி மாதம் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தைப் பார்த்த பிள்ளைகள் அதை வடம் பிடித்தல் என்று உடனே புரிந்துகொள்வார்கள். கடற்கரை ஊர்களில் அது தேவாலயத் திருவிழாச் சப்பரமாக மாறும். எல்லாச் சமயப் பிள்ளைகளும் கலந்திருக்கும் வகுப்பில் ரயில் என்று வைத்துக்கொண்டாலும் குறைவில்லை.

எங்கெங்கே நிற்க வேண்டும் என்பதற்கு வரிசை உண்டு. முதலில் கழிவறை, அடுத்து தண்ணீர்க் குழாய், அடுத்து சமையலறை, கடைசியில் தலைமையாசிரியர் அறை. கழிவறையில் எப்படி உட்காருவது, எங்கே தண்ணீர் எடுப்பது, எப்படிக் கழுவுவது என்பதை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கூச்சமின்றிச் சொல்லித்தர வேண்டும். வீட்டில் கழிவறை இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். அனுமதி கேட்பதற்கு ஆங்கில வாக்கியம் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் உண்டு. அந்த வாக்கியம் நினைவுக்கு வராமல் கால்சட்டையை நனைத்துக்கொண்டு நிற்கும் குழந்தையைப் பார்த்தவர்கள், "டீச்சர், ஒண்ணுக்கு" என்ற சொல்லே போதும் என்று ஒப்புக்கொள்வார்கள். மாற்றுக் கால்சட்டை இரண்டு மூன்று வகுப்பறை அலமாரியில் இருக்கட்டும்.

முதல் நாளில் 'அ' எழுத வைக்க வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்களே?

விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து எழுதவைப்பது நம் வழக்கம். அந்த நாளில் பள்ளியில் சேர்ப்பதும் உண்டு. அதே எதிர்பார்ப்போடு ஜூன் மாதத்திலும் வரும் பெற்றோரிடம் விவாதம் செய்வதில் பயனில்லை. ஒரு தட்டில் ஆற்று மணலைப் பரப்பி, விருப்பமுள்ள பிள்ளை விரலால் கோடும் வட்டமும் போடலாம் என்று விட்டுவிட்டால், இரு தரப்புக்கும் நிறைவாக இருக்கும். செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியபோது பல பள்ளிகளின் சுவரில் தரையை ஒட்டித் தாழ்வாகக் கரும்பலகைகள் பூசப்பட்டன. அவை இன்னும் அழியாமல் இருந்தால் ஆளுக்கொரு கட்டமும் ஒரு சுண்ணாம்புக்கட்டியும் கொடுத்து, வேண்டியதைக் கிறுக்கச் சொல்லலாம். யாருடைய கிறுக்கலையும் திருத்தாமல், "இது என்ன?" என்று மட்டும் கேட்க வேண்டும். "மாடு" என்று சொன்னால் அதற்கு நான்கு கால் இல்லையே என்று சொல்லாமல் இருப்பதற்கு ஆசிரியருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

உணவு நேரத்தில் கவனிக்க வேண்டியவை எவை?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கி 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இன்று உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றோடு பள்ளி நாள் தொடங்குகிறது. குழந்தை பள்ளியில் முதலில் சந்திக்கும் நிகழ்ச்சி பாடமல்ல, பந்தி என்றாகிவிட்டது. ஆகவே முதல் நாள் காலையில் வகுப்பாசிரியர் உணவு வேளையிலேயே அங்கே இருப்பது நல்லது. காமராசர் காலத்தில் 1956இல் மதிய உணவு தொடங்கிவைக்கப்பட்ட எட்டயபுரம் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. பள்ளிச் சோறு இந்தச் சீமைக்குப் புதிதன்று.

சின்னக் குழந்தையால் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடக்க முடியாது. உட்காரவைத்துப் பரிமாற வேண்டும். முதலில் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடியும் வைக்கலாம். வீட்டில் ஊட்டிவிட்டுப் பழகிய பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வாய் ஊட்டினால் மூன்றாவதைத் தானே எடுத்துக்கொள்ளும். மிச்சம் வைத்ததற்காக யாரையும் திட்டக் கூடாது. மதிய உணவுக்குப் பிறகு முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். பாய் விரித்து அரை மணி நேரம் படுக்கவிடுவது சோம்பலை வளர்க்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதை மறுத்துவிட்டால் அந்த அரை மணி நேரம் அழுகையில்தான் போகும்.

யாரை யார் பக்கத்தில் உட்காரவைப்பது?

பிள்ளைகள் ஒரே தெருவிலிருந்து சேர்ந்து வந்து சேர்ந்தே உட்காருவார்கள். வேறு ஊரில் இதை நட்பு என்று விட்டுவிடலாம். நம் ஊர்களில் தெரு என்றால் பெரும்பாலும் ஒரே சாதி. அப்படியே விட்டால் வகுப்பறையும் தெருக்களாகப் பிரிந்துவிடும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றும் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அது பெரிய பிள்ளைகளை மனத்தில் கொண்ட பரிந்துரையாகத் தோன்றினாலும், பழக்கம் தொடங்குவது முதல் வகுப்பில்தான்.

எழுத்தறியாத குழந்தைகளுக்கு அகரவரிசை விளங்காது. வேப்பிலை, புளிய இலை, பூவரச இலை, மா இலை என்று நான்கு வகை இலைகளை ஒரு பையில் போட்டுக் கலக்கி, கண்ணை மூடி எடுக்கச் சொல்லி, ஒரே இலை கிடைத்தவர்கள் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்று வைத்தால், அது விளையாட்டாகவும் இருக்கும், கலந்து உட்காருவதாகவும் இருக்கும். நாள்தோறும் மறுபடியும் எடுக்கலாம். அழும் குழந்தைக்கு மட்டும் முதல் நாளில் விலக்கு அளித்து, அதற்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருக்க விடலாம்.

ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்புகள் ஒரே அறையில் இருந்தால்?

அது வசதி என்றே கொள்ள வேண்டும். பள்ளியை அறிந்த இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் துணைக்கு இருக்கிறார்கள். கயிறு பிடித்து முன்னே செல்வது, குழாயடியில் நிற்பது, காற்றாடி செய்ய உதவுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் அவர்களுக்கும் அது முதல் நாள்தான் என்பதை மறந்துவிட்டு நாள் முழுவதும் ஏவல் வேலைக்கே வைத்துக்கொள்ளக் கூடாது. விடுமுறையில் எந்தெந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்டு, ஊர்ப்பெயர்களைத் தரையில் எழுதி, ஊருக்கு ஒரு கூழாங்கல் வைத்து, எந்த ஊருக்கு அதிகம் பேர் போனார்கள் என்று எண்ணச் சொல்லலாம். எப்படிப் போனார்கள் என்றும் இதே முறையில் கேட்கலாம்: மினிபஸ், ரயில், மாமாவின் பைக். நுங்கு தின்றபின் மிஞ்சும் கூந்தலில் வண்டி செய்து ஓட்டியவர்கள் அதைக் கொண்டுவந்து காட்டவும் அனுமதிக்கலாம்.

வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது?

வீரவநல்லூர்ப் பக்கம் சௌராட்டிரம் பேசும் வீடுகள் உண்டு. பாபநாசம் மலைமேல் வாழும் காணி மக்களின் பேச்சில் மலையாளச் சாயல் உண்டு. செங்கல் சூளைகளுக்கு வந்த வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு நம் பேச்சு ஒன்றும் புரியாது. தண்ணீர், சோறு, ஒன்றுக்கு, வலிக்கிறது, அம்மா என்ற ஐந்து சொற்களை அவர்கள் மொழியில் பெற்றோரிடம் கேட்டு ஆசிரியர் எழுதி வைத்துக்கொண்டால் முதல் நாளைக் கடந்துவிடலாம். பந்து உருட்டுவதற்கும் காற்றாடி விடுவதற்கும் மொழி தேவையில்லை.

மாற்றுத்திறன் குழந்தை வகுப்பில் இருந்தால்?

ஊராட்சி ஒன்றிய அளவில் உள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தனிப் பள்ளிகள் தோன்றிவிட்டன. ஆனால் குழந்தை நம் வகுப்புக்கு வந்துவிட்டால் அது நம் குழந்தை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டுவதற்கு முன், முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லக் கைதட்டிப் பார்ப்பது நல்லது.

புகைப்படம் எடுக்கலாமா?

அழும் குழந்தையை எடுக்கக் கூடாது, உண்ணும் குழந்தையையும் எடுக்கக் கூடாது. மற்றபடி பெற்றோர் சம்மதித்தால் ஒன்று போதும்.

மாலையில் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் என்ன கேட்பது?

"இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும், அதைக் கேட்டுவிட்டுப் பள்ளியில் ஒன்றும் சொல்லித்தரவில்லை என்று பக்கத்து வீட்டில் பேசுவதும் நடக்கும். யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், எந்த இலை கிடைத்தது, காற்றாடி சுற்றியதா, டீச்சர் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் சொல்லும். அடித்தார்களா என்று முதல் கேள்வியாகக் கேட்க வேண்டாம். அடிப்பார்கள் என்ற எண்ணத்தை அந்தக் கேள்வியே விதைத்துவிடும். அதே நேரம், குழந்தை தானாகச் சொன்னால் அலட்சியம் செய்யாமல் மறுநாள் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும். இரவில் சீக்கிரம் தூங்க வைக்க வேண்டும். முதல் நாள் சிரித்துக்கொண்டு போன பிள்ளை மூன்றாம் நாள் அழுவதும் உண்டு. பள்ளி என்பது தினமும் போக வேண்டிய இடம் என்று அன்றுதான் அதற்குப் புரிந்திருக்கும். அப்போதும் முதல் நாளில் சொன்ன அதே முறையில், சொல்லிவிட்டுப் போய், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும்.

ஊரில் கோயில் கொடை விழாவுக்காகத் தங்கிவிட்டு ஒரு வாரம் கழித்துச் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் எது?

அது வந்து சேரும் நாளே அதற்கு முதல் நாள். சேர்க்கைக் காலம் முடிந்தது என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ திருப்பி அனுப்பக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை. மற்றவர்கள் அதற்குள் பழகிவிட்டிருப்பார்கள் என்பதால், தாமதமாக வரும் குழந்தைக்குத் தனிமை கூடுதலாக இருக்கும். பெயர் அட்டை, செருப்பில் படம், துணிப்பந்துச் சுற்று, கயிறு பிடித்துப் பள்ளியைச் சுற்றி வருவது ஆகிய நான்கையும் அந்த ஒரு குழந்தைக்காக மறுபடியும் நடத்த வேண்டும். கழிவறையையும் தண்ணீர்க் குழாயையும் காட்டும் வேலையை, போன வாரம் அதிகம் அழுத பிள்ளையிடம் ஒப்படைக்கலாம்.